பின் தெருவில் ஓடும் வண்டி

அத்தியாயம் 14

கையெழுத்துப் போட ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்று அண்ணி கேட்டாள் அல்லவா, அந்த ஒரு நாள் விடிந்துவிட்டது.

அண்ணி என்பது அவள் பெயரில்லை. ஆனால் அந்த வண்டி ஷோரூமில் வாட்ச்மேன் முதல் மெக்கானிக் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். மூத்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மூத்தவன் போன வருடம் ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்தினான். பச்சை விழுந்த பிறகும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தபோது, ஸ்டியரிங் மேல் கை வைத்தபடியே போய்ச் சேர்ந்திருந்தான். என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சின்ன டீசல் பிக்கப் அது. சீட்டுக்கு அடியில் இரண்டு சிலிண்டர் என்ஜின், முதுகில் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவான பாரம். அந்தக் குடும்பம் வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிக்க வைத்தது எல்லாம் அந்த மாதிரி வண்டிகளை விற்றுத்தான். பிறகு கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்தியது. இப்போது ஷோரூமில் இரண்டு பெரிய வண்டிகள், ஹாலுக்குள் கொண்டுவந்து கட்டிய யானைகள் மாதிரி நிற்கின்றன. சின்ன வண்டிகள் நின்ற இடத்தில் தரையில் ஓர் எண்ணெய்க் கறை. எத்தனை தேய்த்தாலும் போவதில்லை.

மூத்தவனின் தம்பி, நம் சின்னவன், டீசலைக் கை கழுவிவிட்டு ஷோரூமை பாட்டரி ஸ்கூட்டர் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பங்குதாரர்கள் மூன்று பேர்: இவர்கள் அப்பாவான பெரியவர், சின்னவன், மூத்தவன் இடத்தில் அண்ணி. பெரியவர் மாட்டேன் என்கிறார். ஆனால் இரண்டு கையெழுத்து போதும். தவிர, பெரியவர் பேச்சை இப்போது யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஏனென்றால் அவர் தினமும் மத்தியானம் பின் தெருப் பக்கம் தலையைச் சாய்த்து, "அவன் வந்துட்டான்" என்கிறார்.

அன்று காலை சின்னவன் மேஜையைத் துடைத்து, ஒப்பந்தத்தை நடுவில் வைத்தான்.

"பேனா வேணுமா அண்ணி?"

"பேனா இருக்கு. கைதான் எந்திரிக்கல."

"சாயந்தரம் அவங்க வந்துடுவாங்க."

"பகல் பூரா பாக்கி இருக்கில்ல. அதுக்குள்ள கை எந்திரிச்சா பாப்போம்."

சின்னவன் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. தோளில் பையோடு ஓர் இளம்பெண். நேராக மேஜைக்கு வரவில்லை. யானைகளைச் சுற்றிக்கொண்டு போய், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"இங்கதான் நின்னுச்சா?"

"எது?" என்றான் சின்னவன்.

"சின்னது."

பழைய கம்பெனியிலிருந்து வந்தவள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள். "சின்ன டீசல் பிக்கப்பை மறுபடி கொண்டு வரலாமான்னு எங்க ஆளுங்க யோசிக்கறாங்க. எந்தெந்த ஷோரூம்ல முதல்ல விடலாம்னு பாத்துட்டு வர்றேன். உங்களுது கடைசி. வேணும், வேண்டாம், ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே சொல்லிட்டீங்கன்னா கிளம்பிடுவேன்."

"வேண்டாம் மேடம்." சின்னவன் யோசிக்கவே இல்லை. "மார்க்கெட் செத்துப் போச்சு. ஊருக்குள்ள டீசலை விட மாட்டேங்கறாங்க. பாட்டரி வந்தாச்சு, கேஸ் வந்தாச்சு. சின்ன டீசல் இருக்கான்னு கேட்டு ஈ காக்கா வர்றதில்ல."

"பதிவுக் கணக்கும் அதைத்தான் சொல்லுது. போன வருஷம் இந்த ஏரியாவுல சின்ன டீசல் விற்பனை பூஜ்யம்."

"பாத்தீங்களா."

"விக்கறதுக்கு வண்டியே இல்லாதப்ப பூஜ்யம் வராம வேற என்ன வரும்? அதனாலதான் நேர்ல வந்தேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. மென்று முழுங்கினாள்.

கண்ணாடிச் சுவர் ஓரத்தில், பழைய வண்டியிலிருந்து கழற்றிக் கட்டைச் சட்டத்தில் பொருத்திய டிரைவர் சீட்டில்தான் பெரியவர் எப்போதும் உட்காருவார். அங்கிருந்து குரல் வந்தது.

"யாரும்மா செத்துப் போச்சுன்னது? தினம் நம்ம பின் தெருவுல ஓடுது. என் பையன் வண்டி."

வந்தவள் சின்னவனைப் பார்த்தாள். "உங்க வண்டியா?"

"இவன் இல்லம்மா, மூத்தவன். மத்தியானம் வருவான். இருந்து பாத்துட்டுப் போங்க."

சின்னவன் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு விரலால் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினான். குரலைத் தாழ்த்தி, "அண்ணன் தவறிட்டாரு மேடம். அந்த வண்டியையும் உடைக்கப் போட்டாச்சு. அதுலேருந்து அப்பாவுக்கு..." என்று இழுத்தான்.

"ஓ" என்றாள் அவள்.

அந்த 'ஓ' அண்ணியின் நெஞ்சில் முள்ளாய்ப் போய்த் தைத்தது.

ஏன் என்று நமக்குத் தெரிய வேண்டும். அந்தச் சத்தம் அண்ணிக்கும் கேட்கிறது. முதல் முறை கேட்டபோது அவள் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்தாள். டக டக, டக டக, நடுவில் ஓர் இருமல். யாரையோ கூப்பிடும் முன் தொண்டையைச் சரி செய்துகொள்கிற ஆள் மாதிரி. அந்த இருமலோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். சரி பண்ணித் தொலைங்களேன் என்றால், "இருமினாத்தான்டி உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்பான் மூத்தவன். பின் மதில் உயரம். எட்டிப் பார்ப்பதற்குள் சத்தம் சந்துக்குள் போய்விடும்.

தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். யாரிடம் சொல்வது? மறுநாளிலிருந்து மத்தியானம் ஆனால், "ஏர் கம்ப்ரசரைப் போடுங்கப்பா, டயருக்கெல்லாம் காத்து பாருங்க" என்று பட்டறைக்குக் குரல் கொடுக்க ஆரம்பித்தாள். கம்ப்ரசர் அலறும்போது வேறு எதுவும் கேட்காது. மெக்கானிக்குகள், அண்ணிக்கு டயர் மேல இவ்வளவு பாசம் எப்ப வந்துச்சு என்று கிண்டல் செய்தார்கள்.

பெரியவர் மட்டும் கம்ப்ரசரைத் தாண்டியும் கேட்டார். கேட்டதை வாய்விட்டுச் சொன்னார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நன்றாகத் தூங்குவார் என்று. அந்த மாத்திரையைத் தன் கையால் எடுத்துக் கொடுக்கிறவளும் அண்ணிதான்.

"மார்க்கெட் பக்கம் ஒரு சுத்து பாக்கணும்" என்றாள் கம்பெனிப் பெண். "யாராவது கூட வர்றீங்களா?"

சின்னவனுக்கு ஸ்கூட்டர்காரர்களிடமிருந்து போன். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

~

மொத்த மார்க்கெட்டில் பாரம் இறக்குகிற இடம். வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஒரு வருடமாக அண்ணி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"எதைப் பாக்கணும்?" என்றாள் கம்பெனிப் பெண்.

"முகத்தைப் பாக்காதீங்க. பின்பக்கம் பாருங்க."

"யாரோட பின்பக்கம்?"

"வண்டியோடதும்மா." அண்ணி ஒரு மூன்று சக்கர வண்டியைக் காட்டினாள். "அடியில பாருங்க, எப்படி அமுங்கிப் போய் உக்காந்திருக்கு. அந்த ஆள் பாரத்துக்கு வண்டி பத்தல. இந்தப் பக்கம் இந்தப் பெருசைப் பாருங்க. பட்டை ஸ்பிரிங் அப்படியே நிமிர்ந்து நிக்குது. உள்ள நாலு மூட்டைதான் இருக்கும். இந்த ஆளுக்கு வண்டி அதிகம். ஒருத்தன் கீழேருந்து ஏறி வருவான், ஒருத்தன் மேலேருந்து இறங்கி வருவான். ரெண்டு பேரும் வந்து சேர வேண்டிய இடம் சின்ன டீசல்தான்."

அந்தப் பெண் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தாள். அமுங்கியதும் நிமிர்ந்ததுமாக வரிசை நீண்டது. நடுவில் சரியாக நின்ற வண்டிகள் குறைவு. இருந்தவையும் பழசு, துருவை மறைக்கப் பெயின்ட் பூசியவை.

"இதையெல்லாம் யார் சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"அவருதான். ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போலாம், கிளம்புன்னு சொல்வாரு. நான் பட்டுப் புடவை கட்டிட்டு வந்து நின்னா, இங்க கூட்டிட்டு வந்து பின்பக்கம் காட்டுவாரு."

கம்பெனிப் பெண் சிரித்தாள். அண்ணியும் சிரிக்க வாயெடுத்தாள்.

டக டக, டக டக. நடுவில் ஓர் இருமல்.

அண்ணிக்குக் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. இங்கே கம்ப்ரசர் இல்லை. சுற்றிலும் பட்டப்பகல், கூச்சல், மூட்டை சுமப்பவர்களின் வழி விடு வழி விடு. அத்தனைக்கும் அடியில், தனக்கு மட்டும் சொல்வதுபோல் அந்தத் தொண்டைச் செருமல்.

"உங்களுக்குக் கேக்குதா?" என்றாள். தன் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போல் இருந்தது.

"எது? அந்த என்ஜினா? ம், ஒரு சிலிண்டர் சரியா எரியல போல."

கேட்கிறது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கேட்கிறது. பைத்தியமில்லை. அண்ணிக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் வேறொரு பயம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பைத்தியமில்லை என்றால், அப்புறம் இது என்ன?

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எடைபோடும் கொட்டகையைத் தாண்டி, வேலி ஓரமாக, ஒரு வெள்ளைப் பிக்கப். மூத்தவனின் வண்டி நீலம். இது இல்லை. ஆனால் இருமுவது இதுதான். டிரைவர் இருக்கை காலி. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அண்ணி பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியை ஏங்க பாக்கறீங்க? குடுக்க மாட்டேன்" என்றபடி முட்டை அட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். குட்டையான ஆள். சட்டைப் பை நிறைய பேனா.

"யாரும் கேக்கலையே" என்றாள் கம்பெனிப் பெண்.

"தினம் நாலு பேர் கேக்கறாங்க. அதான் முன்கூட்டியே சொல்லிடறது."

"ஆளில்லாம ஓடுதே?"

"டிரைவர் சாப்பிடப் போயிருக்கான். ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணுது, நிறுத்தினா தள்ளணும். ஓடட்டும்னு விட்டுட்டேன்."

"பழைய வண்டியை வச்சு ஏன் கஷ்டப்படறீங்க? பெருசு ஒண்ணு எடுக்கலாமே."

"பெருசை எங்க நுழைக்கறது? என் கடைங்க எல்லாம் சந்துக்குள்ள சந்து. மூணு சக்கரம் நுழையும், ஆனா முட்டை ஆம்லெட்டாத்தான் போய்ச் சேரும்."

"பாட்டரி வண்டி?"

"அதையும் பாத்தேன். என் கொல்லைப்பக்கம்தான் படுத்திருக்கு, வேணும்னா ஓட்டிட்டுப் போங்க. மேட்டுல ஏறச் சொன்னா மூச்சு வாங்குது. நடுவழியில சார்ஜ் போட்டுட்டு வெயில்ல உக்காந்திருந்தேன்னு வைங்க, குஞ்சு பொரிச்சுடும்."

"புதுசா இதே அளவுல டீசல் வந்தா வாங்குவீங்களா?"

முட்டைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வருதா? எனக்கு ஒண்ணு, என் மச்சானுக்கு ஒண்ணு. ஆனா எனக்குக் குடுத்துட்டு அப்புறம் மச்சானுக்குக் குடுங்க. நாலு நாள் அவன் வயிறு எரியட்டும்."

அண்ணி முன்னால் வந்தாள். "அந்த சீட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டறீங்களா?"

கேட்ட விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். முட்டைக்காரர் மறுபேச்சு பேசாமல் கொக்கியை விடுவித்து சீட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது.

புகை வெளியேறும் குழாய்க்கும் டீசல் டியூபுக்கும் நடுவே, சூடு படாமல் தடுக்க ஒரு தகடு. தகடா அது? எவர்சில்வர் டப்பாவின் மூடி. பாதியாக வளைத்து, இரண்டு ஓட்டை போட்டுத் திருகியிருந்தது. விளிம்பில் ஒரு நசுங்கல். கல்யாணமான புதிதில் அண்ணியின் கையிலிருந்து தவறிப் படியில் உருண்ட மூடி. ஒரு நாள் திடீரென்று காணாமல் போய், அவள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். கூடவே மூத்தவனும் தேடினான். டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியிலெல்லாம் பார்த்தான். முகத்தை எப்படி வைத்துக்கொண்டு தேடினானோ, படுபாவி.

கை தானாக நீண்டது.

"அம்மா, சுடும்" என்றார் முட்டைக்காரர்.

சுட்டுவிட்டது. அண்ணி விரலை எடுக்கச் சற்று நேரமாயிற்று.

"இந்த என்ஜின் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"அட, ஷோரூம் அண்ணியா நீங்க? உங்க சின்னவர்தானே குடுத்தாரு. என் வண்டி என்ஜின் மண்டையைப் போட்டு மூலையில கிடந்துச்சு. கிடைக்காதா கிடைக்காதான்னு அவர் காலைச் சுத்திட்டு இருந்தேன். ஒரு நாள் அவரே கூப்பிட்டு மாட்டிக் குடுத்தாரு, காகிதமெல்லாம் சுத்தமா மாத்தி. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாரு. நீங்க வீட்டு மனுஷி, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்."

"தெரியும்" என்றாள் அண்ணி.

"மத்தியானம் உங்க ஷோரூம் பின் தெருவுலதான் போகும். அங்க நமக்குக் கடை இருக்கு. நான் போறதில்ல, டிரைவர்தான்."

திரும்பி நடந்தார்கள். கம்பெனிப் பெண், "உள்ள என்ன பாத்தீங்க?" என்றாள்.

"எங்க வீட்டு மூடி" என்றாள் அண்ணி.



~

உதிரிபாக அறை. மத்தியானமானால் சின்னவன் அங்கேதான் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஸ்டாக் பார்க்கிறேன் என்பான். விற்க வண்டி இல்லாத கடையில் அப்படி என்ன ஸ்டாக் என்று அண்ணி இதுவரை யோசித்ததில்லை. இப்போது கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். ஃபில்டர் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இரண்டு காதிலும் பஞ்சு.

அண்ணி பஞ்சைக் காட்டினாள். "எடு."

எடுத்தான்.

"முட்டைக்காரரைப் பாத்தேன்."

பேயறைந்தவன் மாதிரி ஆனான் சின்னவன். வெகுநேரம் பஞ்சை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். பொய் எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது.

"உடைக்கத்தான் அண்ணி கொண்டு போனேன். சத்தியமா. நானே ஓட்டிட்டுப் போனேன். வண்டியை நசுக்கற பிரஸ்ல ஏத்தி நிறுத்திட்டு ஸ்டாப் கம்பியை இழுத்தேன். கம்பி அறுந்து கையோட வந்துடுச்சு. என்ஜின் நிக்கல."

"நிக்கலைன்னா கியர்ல போட்டு கிளட்சை விட்டா நின்னுடும். சின்னப் பையனுக்குக் கூடத் தெரியும்."

"எனக்கும் தெரியும். கால் வரல அண்ணி." அவன் தன் காலைப் பார்த்தான், அது இன்னும் வராதது போல. "சிக்னல்ல அண்ணன் போன அன்னைக்கும் அது நிக்கலையே. அவன் சத்தமே இல்லாம கிடக்கறான், அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. பிரஸ்லயும் அதே மாதிரி இருமிட்டே இருந்துச்சு. ஓடிட்டிருக்கறதைப் போட்டு எப்படி நசுக்கறது? உடம்பை மட்டும் உடைச்சுக்கோங்க, என்ஜினைக் குடுத்துடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

"வந்தவன் வீட்டுல சொல்ல வேண்டியதுதானே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அப்பா ஒரு நாள், அவன் வந்துட்டான்னு சொன்னாரு. அப்புறம் எப்படிச் சொல்றது? நானே உயிர் குடுத்து அனுப்பிட்டு, நானே பயந்து செத்துட்டிருக்கேன்." பஞ்சை மேஜை மேல் வைத்தான். "கையெழுத்தைப் போடுங்க அண்ணி. டீசல் வாடையே இல்லாம பண்ணிடுவோம். ஸ்கூட்டர் சத்தம் போடாது. நீங்களும் நானும் தூங்கலாம்."

அண்ணிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதை ஒளிப்பானேன். காலையில் கை எழவில்லையே தவிர, மனசு எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டது. இந்தக் கறை, இந்த வாடை, இந்த மத்தியானங்கள் எதுவும் இல்லாத ஓர் இடம். ஒரு பேனா இழுப்பில் கிடைத்துவிடும்.

"நீ இங்க வந்து காதை அடைச்சுக்கிட்டே" என்றாள். "நான் கம்ப்ரசரைப் போட்டேன்."

சின்னவன் நிமிர்ந்தான். "உங்களுக்கும் கேட்டுச்சா?"

"தினம்."

"சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருடமாக ஒரே கூரையின் கீழ் ஒரே சத்தத்துக்குப் பயந்து தனித்தனியாக ஒளிந்தவர்கள்.

"மாமா ஒருத்தர்தான் ஒளியல" என்றாள் அண்ணி. "காதுல கேட்டதைச் சொன்னாரு. அவருக்கு நாம மாத்திரை குடுத்துத் தூங்க வச்சோம். இன்னைக்கு அந்தப் பொண்ணு முன்னாடி நீ நெத்தியைத் தொட்டுக் காட்டினே, நான் பாத்துட்டு நின்னேன்."

சின்னவனின் வாய் கோணியது. குழந்தையில் அழுவதற்கு முன் அப்படித்தான் கோணுமாம், மூத்தவன் சொல்லியிருக்கிறான்.

"அவர் பேச்சு செல்லாதுன்னுதானே நம்ம ரெண்டு கையெழுத்து போதும்னு நினைச்சோம். செல்லும்னா?"

சின்னவன் பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டான்.

"எந்திரி" என்றாள் அண்ணி.

~

கம்பெனிப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி பெரியவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பேசினாள், அவர் காதிலும் விழும்படி.

"காலையில எங்க மாமா சொன்னது நிஜம். பின் தெருவுல தினம் ஓடுது. அவர் காதுல எந்தக் கோளாறும் இல்ல. கோளாறு எங்ககிட்ட. எங்களுக்குச் சின்ன டீசல் வேணும்."

அந்தப் பெண் சின்னவனைப் பார்த்தாள். "நீங்க செத்துப் போச்சுன்னீங்க."

சின்னவன் கொஞ்ச நேரம் தரையின் கறையைப் பார்த்தான். "தினம் கேட்டு வர்றாங்க மேடம். போன்லயும் கேக்கறாங்க. வராது, கிடைக்காது, மறந்துடுங்கன்னு நான்தான் விரட்டிட்டிருந்தேன். முட்டைக்காரர், அச்சாபீஸ்காரர், தண்ணி கேன் போடறவர், கண்ணாடி ஏத்தறவர்... போன வாரம் கூட ஒருத்தர் வந்து, என் மவனுக்காவது ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டாரு."

"இதை ஏன் காலையில சொல்லல?"

"காலையில வேற ஆளா இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்த டேப்லெட்டில் என்னவோ தட்டினாள். "உறுதியா எதுவும் சொல்ல முடியாது. வண்டி வரும்னே இன்னும் முடிவாகல. வந்தா உங்களுக்கு முதல்ல. அதுவரைக்கும் தாக்குப் பிடிப்பீங்களா?"

"பிடிக்கணும்" என்றாள் அண்ணி. அது சுலபமில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஸ்கூட்டர்காரர்களைச் சாயந்தரம் என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது என்பதும் தெரியவில்லை.

மேஜை மேலிருந்த ஒப்பந்தத்தைச் சின்னவன் எடுத்து உறையில் போட்டான். கம்பெனிப் பெண்ணை வாசல் வரை கொண்டுவிட்டு வந்தான். பட்டறையிலிருந்து யாரோ, "அண்ணி, காத்து பாக்கலாமா?" என்று குரல் கொடுத்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா."

மாத்திரை டப்பாவையும் அவள் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னவன் ஒரு யானையின் டயரில் சாய்ந்து நின்றான். ஓடிப் போய் ஒளிய அவன் கால் பரபரத்தது, போகவில்லை.

"மாமா, எங்களை மன்னிச்சுடுங்க. உங்களுக்குக் கேட்டது எங்களுக்கும் கேட்டுச்சு."

"தெரியும்மா" என்றார் பெரியவர். "நீ ஏன் தினம் டயருக்குக் காத்து அடிக்கறேன்னு எனக்குப் புரியாதா?"

அண்ணி தலை குனிந்தாள். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிரஸ், அறுந்த கம்பி, முட்டைக்காரர், மூடி. சின்னவன் திட்டு வாங்கக் காத்து நின்றான். பெரியவர் திட்டவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவே ஒரு முறை மட்டும், "மூடியா?" என்று கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்போது வந்தது. பின் தெரு முனையில் டக டக, டக டக. ஓர் இருமல்.

ஒரு வருடத்தில் முதல் முறையாக மூன்று பேரும் சேர்ந்து அதைக் கேட்டார்கள். சின்னவனின் உதடு எதையோ முணுமுணுத்தது. அண்ணி பெரியவரின் கையைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்க மாமா. அவரு இல்ல. என்ஜின் மட்டுந்தான்."

பெரியவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"என்ஜினைப் பத்தி நான் எப்பம்மா பேசினேன்? முதல் நாளே தெரியும், அவன் என்ஜினை எவனோ வேற கூட்டுல போட்டிருக்கான்னு. நான் சொன்னது ஓட்டறவனை. கேளு. இப்ப திருப்பம் வரும். ரெண்டாவது கியர்லேருந்து மூணாவது போடறப்ப கிளட்சை ரெண்டு தரம் மிதிப்பான். இந்தக் காலத்து வண்டிக்கு அது வேண்டியதே இல்ல. எத்தனை திட்டியிருக்கேன், கேட்டதில்ல. என் சர்வீஸ்ல அப்படி ஓட்டினவன் அவன் ஒருத்தன்தான்."

சத்தம் நெருங்கியது. திருப்பம். என்ஜின் ஒரு கணம் தணிந்து, எழும்பி, மறுபடி தணிந்து, அதன் பிறகு கியர் விழுந்தது.

இரண்டு தரம்.

சின்னவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "அண்ணி, முட்டைக்காரர் டிரைவரை நான் பாத்ததே இல்ல. புதுசா யாரோ சேத்திருக்காருன்னு..."

அண்ணி காதில் வாங்கவில்லை. எழுந்து பட்டறை வழியாகப் பின்பக்கம் நடந்தாள். மெக்கானிக்குகள் ஸ்பேனரும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பின் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். சுட்ட விரல் எரிந்தது. தாழ்ப்பாள் விட்டுக் கொடுத்தது.

தெருவில் வெயில். வெள்ளை வண்டி வந்துகொண்டிருந்தது. முன் கண்ணாடி முழுக்க வானம்தான் தெரிந்தது, உள்ளே இருப்பவனின் முகம் தெரியவில்லை. ஸ்டியரிங் மேல் இரண்டு கைகள் மட்டும்.

அண்ணி தெரு நடுவில் போய் நின்று கையை உயர்த்தினாள்.

வண்டி வேகம் குறைந்தது. அவளுக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்று, ஒரு முறை இருமியது. கதவுக் கண்ணாடி மெல்ல இறங்கத் தொடங்கியது.

அவள் கையைக் கீழே போடவில்லை.